இருநூற்று மூன்றாம் பக்கம்

தபால்காரர் அருள்ராயன் ஓய்வுபெற்ற ஆறாம் வருடம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு கட்டிலில் சாய்ந்து, கப்பல் கொள்ளைக்காரர்களைப் பற்றிய நாவல் ஒன்றின் எண்பத்தாறாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கையில் நெஞ்சடைத்து இறந்துபோனார். அவர் நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்த அந்தப் புத்தகத்தை, அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய மகள் நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வந்தபோது, எண்பத்தேழாம் பக்கத்திலிருந்து கடைசி அட்டை வரை ஓர் எழுத்துகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

"மழையில நனைஞ்சிட்டாம்மா?" என்று கேட்டார் நூலகர் சுயம்புலிங்கம்.

"மழ எங்க மாமா பெஞ்சுது?" என்றாள் அவள்.

அவர் எழுந்துபோய் அலமாரியில் இருந்த இன்னொரு பிரதியை எடுத்துப் பிரித்தார். அதுவும் எண்பத்தேழிலிருந்து வெள்ளை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரின் வீட்டில் இருந்த மூன்றாவது பிரதியும் அப்படியே. சுயம்புலிங்கம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நூலகத்துப் பிரதிகள் இரண்டையும் பழைய இடத்திலேயே வைத்தார்.

தேரிக்குளம் சின்ன ஊர். மேற்கே செம்மணல் தேரி, கிழக்கே உப்பளம், நடுவே ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு மேல்நிலைப் பள்ளி, ஒரு கிளை நூலகம். வேறு பொழுதுபோக்கு இல்லாததாலோ என்னவோ, அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நூலக முற்றத்தில் இருபது முப்பது பேர் கூடுவார்கள். உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவர்களும், பஸ் கண்டக்டரும், டீச்சர்களும், துணி தைக்கிறவர்களும் வட்டமாக உட்கார்ந்து, இப்போது என்ன படிக்கிறோம், எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறோம், அங்கே யார் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். புத்தகம் நல்லதா கெட்டதா என்ற பேச்சே கிடையாது, போன வாரம் காட்டில் வழி தவறிய ராஜகுமாரன் இந்த வாரம் சாப்பிட்டானா இல்லையா என்பதுதான் பேச்சு. அந்தச் சனிக்கிழமை சுயம்புலிங்கம் வெள்ளைப் பக்கங்களைக் காட்டியபோது யாரும் பயந்துவிடவில்லை. "ஆளோட சேந்து போயிட்டு போல" என்றார் ஒருவர். அடுத்தவர் தன்னுடைய பக்கத்தைச் சொல்லத் தொடங்கினார்.

அதன்பின் சோடாக் கடைக்காரர் இறந்தார். அவர் படித்துக்கொண்டிருந்த மூலிகை வைத்தியப் புத்தகம் மஞ்சள்காமாலைக்கு மேல் காணாமல் போயிற்று. உப்பளத்துக் கணக்கப்பிள்ளையின் மனைவி இறந்தாள். அவள் பாதியில் விட்ட சமையல் புத்தகத்தில் குழம்புகள் இருந்தன, பலகாரங்கள் போய்விட்டன. பிறகு ஒன்பதாம் வகுப்பில் படித்த ஸ்டெல்லா என்ற பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பாம்பு கடித்து இறந்தாள். மறுநாள் காலையில் அந்த வகுப்பிலிருந்த நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் சரித்திரப் புத்தகங்களும் ஏழாம் பாடத்திலிருந்து வெறுமையாக இருந்தன. டீச்சர்கள் ஞாபகத்திலிருந்து நடத்தினார்கள். ஞாபகத்தில் வருஷங்கள் தவறின. ஸ்டெல்லாவின் தாயார் ஒரு மாதம் வரை வீடு வீடாக ஏறி, அந்தந்த வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கி, மடியில் வைத்து, வெள்ளைப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வீடுகளில் அவளுக்குக் காப்பி கொடுத்தார்கள். அதற்குப் பின்தான் ஊர் இதைப்பற்றி யோசிக்கத் தொடங்கியது.

ஏன் இப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன செய்வது என்றுதான் கேட்டார்கள். கையால் பிரதி எடுத்துப் பார்த்தார்கள். படித்தவர் இறந்ததும் கையெழுத்தும் அழிந்தது. திருநெல்வேலியில் புதுப் புத்தகம் வாங்கி அங்கேயே கடை வாசலில் நின்று பிரித்தார்கள். தேரிக்குளத்துக் கண்ணுக்கு அங்கேயும் வெள்ளைதான். கடைக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டால், அவர் வாய் அசைந்தது, காதில் மணல் சரிகிற சத்தம்தான் விழுந்தது. ஏற்கெனவே படித்து முடித்தவர்களின் மனதில் இருந்ததை மட்டும் அது தொடவில்லை. ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டவர் மறுபடி படிக்கும்போது இறந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆக, பாதியில் இருப்பவர்கள்தான் ஆபத்து என்று தெரிந்தது.

நூலக வாசலில் ஒரு கரும்பலகை வைத்தார்கள். யார் என்ன படிக்கிறார்கள், எந்தப் பக்கம் என்று தினமும் வந்து எழுதியாக வேண்டும். சனிக்கிழமைப் பேச்சு நின்று, எழுதிப்போடுவது வந்தது. எழுபது தாண்டியவர்களுக்கு மெல்லிய புத்தகங்கள் மட்டும் என்றார்கள், பிறகு அறுபது தாண்டியவர்களுக்கு என்றார்கள், காய்ச்சல்காரர்களுக்குப் பத்திரிகைதான். கடலுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் கையிலுள்ளதை முடித்துவிட்டுப் போகவேண்டும் என்றார்கள். பிறகு கரும்பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு கரும்பலகை வந்தது. அதில் புத்தகம் கொடுக்கக் கூடாதவர்களின் பெயர்கள். இரண்டு வருடத்தில், படிக்க வருகிறவர்களைவிடப் பலகை பார்க்க வருகிறவர்கள் அதிகமானார்கள். ஒரு புத்தகத்தைத் தொடங்குவது என்பது ஊர்ச் சொத்தில் கை வைப்பது மாதிரி ஆயிற்று. தொடங்காமல் இருப்பதே மரியாதை என்று பலர் நினைத்தார்கள்.

நினைக்காதவள் ஜெபக்கனி. நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினுக்கு இடப்பக்கம் புத்தகத்தை விரித்து வைத்து, நூல் மாற்றுகிற நேரத்தில் நாலு வரி, காஜா எடுத்து முடித்ததும் அரைப் பக்கம் என்று படிப்பாள். அவள் புருஷன் தங்கத்துரை தண்ணீர் லாரி ஓட்டினான். அவனுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. பிள்ளை இல்லை. மத்தியான நடைக்கு அவன் லாரி எடுக்கும்போது அவளும் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். தேரி ஓரமாகப் போகிற அந்தப் பதினாறு கிலோமீட்டரும், அன்றைக்குப் படித்ததைச் சொல்லிக்கொண்டே வருவாள். அவன் ஹாரன்கூட அடிக்காமல் கேட்பான்.

அந்த வருடம் அவள் எடுத்திருந்தது முந்நூற்று நாற்பது பக்க நாவல். வேலாயி என்ற ஓடக்காரி, வெள்ளம் போகிற ஆற்றில் ஒருத்தனைக் கடத்திக் கொண்டுபோகிறாள். நடு ஆற்றில் அவன் ஒரு கடுதாசியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் குதித்துவிடுகிறான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களிடமெல்லாம் கொண்டுபோகிறாள். படிக்கிற ஒவ்வொருவரும் அழுகிறார்கள், மடித்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேனென்கிறார்கள்.

"அப்படி என்னதாம்ளா எழுதியிருக்கும்?" என்று கேட்டான் தங்கத்துரை.

"எனக்கு மட்டும் தெரியுமா? அவளே எழுத்துப் படிக்கலாம்னு கெளம்பிட்டா. போர்டு எழுதுதவன்கிட்ட ஆனா ஆவன்னா கத்துக்கிடுதா."

நூற்று எழுபதாம் பக்கம் படிக்கையில் ஜெபக்கனியின் கால் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரம் இரண்டு தடவை பஸ் ஏறிப்போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். ஏழு மாதம் கழித்து, கையில் ஊசி ஏற்ற இடம் இல்லை, இனி உடம்பு தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே இரண்டாம் பலகையில் அவள் பெயர் ஏறியது. முதல் பலகையிலும் அவள் பெயர் இருந்தது: ஜெபக்கனி, பக்கம் 191.

இரண்டு பலகையிலும் பெயர் உள்ள முதல் ஆள் அவள். என்ன செய்வதென்று தெரியாமல் சுயம்புலிங்கமும் முத்துப்பேச்சியும் அவளைப் பார்க்க வந்தார்கள். முத்துப்பேச்சி சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள்; பத்து வருடம் சனிக்கிழமைதோறும் ஜெபக்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்; இப்போது பலகையில் எழுதுகிற பொறுப்பு அவளிடம்.

"எத்தன பக்கம் ஆச்சுக்கா?" என்றாள்.

"நேத்துச் சொன்னதுதான்."

"ஒரு பக்கம்கூடவா நகரல?"

"அரப் பக்கம் நகந்துது."

சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, ஊர்ல இன்னும் பதினோரு பிரதி இருக்கு. நல்ல புத்தகம். நீ சீக்கிரமா முடிச்சிட்டன்னா எல்லாருக்கும் நிம்மதி."

"முடிச்சிட்டா அடுத்தது தருவியளா அண்ணாச்சி?"

அவர் முத்துப்பேச்சியைப் பார்த்தார். முத்துப்பேச்சி தையல் மெஷினைப் பார்த்தாள்.

"தரமாட்டிய" என்றாள் ஜெபக்கனி. "அப்ப எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான. இத நான் எப்படி அவசரப்பட்டு முடிக்க?"

"ஊருக்கு இல்லாமப் போயிருமேக்கா."

"பதினோரு பிரதி இருக்குன்னு சொல்லுதிய. நான் இருக்கும்போதே எல்லாரும் எடுத்துப் படிச்சிருங்களேன். யாரு வேண்டாம்னா?"

அவள் கையில் இருந்தது போக, பதினொரு பிரதியும் அலமாரியில்தான் இருந்தன. அவளைத் தவிர அதை எடுத்தவர் கிடையாது. அவர்கள் எழுந்து போனார்கள். ஆனால் மறுநாளிலிருந்து ஊர் வரத் தொடங்கியது. காலையில் பால்காரி கேட்டாள், எத்தனை பக்கம் என்று. யூனிஃபார்ம் வாங்க வந்தவர்கள் அளவு சொல்லாமல் பக்கம் கேட்டார்கள். ஜெபம் பண்ண வந்தவர்கள் ஜெபம் முடித்து ஆமென் சொன்ன கையோடு கேட்டார்கள். பாவம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களும் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். அவள் கண் இமைகள் வீங்கிவிட்டன. ஒரு வரியைப் படிக்க நாலு தடவை கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. 194. 195. 195. 196. முத்துப்பேச்சி தினமும் எழுதினாள். 198 என்று எழுதிய அன்று டாக்டர் வந்துவிட்டுப்போய், ஒரு வாரம் தாங்கினால் பெரிசு என்றார்.

நூலகத்தில் கூட்டம் போட்டார்கள். கண்ணால் படித்தால் என்ன, காதால் கேட்டால் என்ன, போய்ச் சேரவேண்டியது மனசுக்குத்தானே என்று ஒருவர் சொன்னார். அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. 199 முதல் 340 வரை நூற்று நாற்பத்திரண்டு பக்கம். பதினாலு பேர் பிரித்துக்கொண்டார்கள், ஆளுக்குப் பத்துப் பக்கம். கடைசிப் பன்னிரண்டு பக்கம் முத்துப்பேச்சிக்கு. கொடை விழாவுக்கு வாடகைக்கு விடுகிற குழாய் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து ஜெபக்கனியின் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருந்த பூவரச மரத்தில் கட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கண்டக்டர் மைக்கை ஊதிப் பார்த்தார்.

தங்கத்துரை வாசலில் வந்து நின்றான். "நிப்பாட்டுங்கய்யா. அவ கெஞ்சுதா."

"அவ நல்லதுக்கும் சேத்துத்தான் தம்பி" என்றார் சுயம்புலிங்கம். அவர் முகம் உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

உள்ளே ஜெபக்கனி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தெரிந்த பாட்டையெல்லாம் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். "என்னக் கொண்டு போயிரும்" என்றாள் புருஷனிடம். "எங்கயாவது. அது கேக்காத எடத்துக்கு." அவன் அவளைப் போர்வையோடு தூக்கி, புத்தகத்தை அவள் மடியில் வைத்து, லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்து, தேரிக்குள் ஓட்டிக்கொண்டு போனான். கூட்டம் வழிவிட்டது. பிறகு ஒருவர், வீட்டுக்கு வாசித்தாலும் அவளுக்கு வாசித்த மாதிரிதான் என்றார். பட்டியல் போட்டாயிற்று, ஸ்பீக்கர் வந்தாயிற்று, லீவும் சொல்லியாயிற்று. கண்டக்டர் நூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் பக்கத்தைத் தொடங்கினார்.

இரண்டு நாள் பகல் முழுக்க, ஆளில்லாத வீட்டின் ஜன்னலைப் பார்த்து அந்த ஊர் வாசித்தது. குழாய் ஸ்பீக்கரின் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும், உப்பளத்தின் முதல் பாத்தி வரைக்கும் கேட்டது. மீன் விற்கிறவர்கள் அதற்கு மேல் குரலை உயர்த்தி விற்றார்கள். டீக்கடையில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். பத்துப் பக்கம் முடித்தவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். அடுத்தவர் முன்னால் என்ன நடந்தது என்று கேட்கவில்லை, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு முத்துப்பேச்சி முடித்தாள். நேரே போய்ப் பலகையில் எழுதினாள்: ஜெபக்கனி, 340, முடிந்தது.

தேரியில், ஒற்றை உடைமர நிழலில் அந்த இரண்டு நாளும் லாரி நின்றது. பகலெல்லாம் செம்மணல் காற்று கண்ணாடியில் உரசியது. ஜெபக்கனி ஒரு பக்கம் படித்தாள், தூங்கினாள், எழுந்து பாதிப் பக்கம் படித்தாள். வேலாயி இப்போது எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டாள், கடுதாசியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கிறாள், மூன்று எழுத்து மட்டும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று புருஷனிடம் சொன்னாள். சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.

"உமக்கு அதுல என்ன இருக்குன்னு கேக்க ஆசையா இருக்கா?"

"ஆமா" என்றான் தங்கத்துரை.

"அங்கதான் வாசிச்சிக்கிட்டு இருக்காவ. போய்க் கேட்டுட்டு வாரும். நான் இருந்துக்கிடுதேன்."

"வேண்டாம். நீ சொல்லி நான் கேட்டுக்கிடுதேன்."

அவள் சிரித்தாள். வீங்கிய முகத்தில் அது வலித்திருக்க வேண்டும்; கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். புதன்கிழமை இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இருநூற்று மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தபடி அவள் இறந்துபோனாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே நூலகத்துக்குப் போனவர்கள் பதினொரு பிரதியையும் பிரித்தார்கள். 204-லிருந்து வெள்ளை. காதைப் பொத்திக்கொண்டாள், அதனால்தான் என்றார்கள். ஊர் அவளுக்கு எவ்வளவு செய்தது, அவள் இப்படிச் செய்துவிட்டுப் போனாளே என்றார்கள். சுயம்புலிங்கம் பதினொன்றையும் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். அவர் அறைக்குள் வைக்கக்கூடத் தைரியம் இல்லாமல் அதை வராந்தாவில் விட்டார்.

பதினாறாம் நாள் தங்கத்துரை மிச்சக் கதையைக் கேட்கத் தொடங்கினான். பக்கங்கள் அழியலாம், படித்தவர் மனதிலிருப்பது அழியாது என்பது அவனுக்கும் தெரியும். முதலில் கண்டக்டரிடம் போனான். பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டான். "ரெண்டு பேரு பேசிக்கிட்டாங்க" என்றார் கண்டக்டர். "ஒரு பொம்பள, ஒரு ஆம்பள. இல்லன்னா ரெண்டும் பொம்பளையோ? மைக் இரைஞ்சிக்கிட்டே இருந்துது தம்பி, அதுலயே கவனம்." டீச்சரிடம் போனான்; அவள் தொண்டை கட்டிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது என்றாள். ஒருவர், தன் பங்கில் ஒரு கல்யாணம் வந்தது என்றார். பிறகு அது வேறு புத்தகம் என்றார். இரண்டு நாளும் பூவரச மரத்துக்கு அடியிலேயே டீ ஆற்றிய கடைக்காரரிடம் கேட்டான். "அந்தச் சத்தத்துல யாரு என்ன டீ கேக்காவன்னே தெரியல" என்றார் அவர். ஒன்பது நாளில், வாசித்தவர்களில் பதின்மூன்று பேரைப் பார்த்தான். எல்லாரும் அவனை உட்காரச் சொன்னார்கள். எல்லாருக்கும் தாங்கள் வாசித்த பக்க எண்கள் தெரிந்திருந்தன.

கடைசியாக முத்துப்பேச்சியின் வீட்டுக்குப் போனான். அவள் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"கடுதாசியில என்ன எழுதியிருந்துது?" என்று கேட்டான்.

"எந்தக் கடுதாசி அண்ணாச்சி?"

அவன் அவளுக்குக் கதையைச் சொன்னான். ஆற்றில் குதித்தவனை, கடுதாசியை, படித்து அழுதவர்களை, போர்டு எழுதுகிறவனை, பிடிபடாத மூன்று எழுத்தை. தன் மனைவி சொன்ன வரிசையில், அவள் நிறுத்திய இடங்களில் நிறுத்திச் சொன்னான். முத்துப்பேச்சி கீரையை விட்டுவிட்டு, முன்பு சனிக்கிழமைகளில் கேட்டதுபோல், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். அவன் முடித்ததும், "பொறவு?" என்றாள்.

"பொறவு உள்ளத நீதாம்மா வாசிச்ச."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"மூச்சு விடாம வாசிச்சேன் அண்ணாச்சி. முடிச்சிரணும் முடிச்சிரணும்னே மனசுல ஓடிச்சு. கடைசியில முற்றும்னு போட்டிருந்துது. அத மட்டும் ரெண்டு தடவ வாசிச்சேன். அதான் இருக்கு."

அவன் தலையாட்டினான். பிறகு தெருமுனையில் நிறுத்தியிருந்த லாரியை எடுத்துக்கொண்டு போனான். மேலத்தெருவில் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தார்கள். இன்றைக்கும் ஏன் இவ்வளவு நேரம் என்று சத்தம் போட்டார்கள். அவன் இறங்கி, ரப்பர் குழாயை மாட்டி, முதல் குடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டான்.